சினைப் பசுவுக்கும் இளங்கன்றுக்கும் எந்த மூட்டை?



கோல சிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம் வரை உள்ள தோட்டங்களில் மாடு வளர்க்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. முன்போல் ஒவ்வொரு லயத்திலும் இல்லை. தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குப் போனவர்கள் போகும்போதே மாட்டையும் விற்றுவிட்டார்கள். ஆனால், வைத்திருப்பவர்களுக்கு அந்த மாடுதான் சேமிப்பு. மகளின் திருமணம், மகனின் கல்லூரிப் படிப்பு, வீட்டுக்கு முன்பணம் என்று எத்தனையோ காரியங்களுக்குக் கைகொடுத்தது கொட்டகையில் நிற்கும் பசுதான். அந்தப் பசு சினையாக இருக்கும்போது ஒரு தவறான மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் பசுவும் போகலாம், கன்றும் போகலாம். ஆகவே, இன்று கடைத் தீவனத்தைப் பார்த்து வாங்குவது எப்படி என்று பேசுவோம்.

முதலில் ஒரு கணக்கு. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். முதல் ஆறு மாதத்தில் வயிற்றுக் கன்று மெதுவாகத்தான் வளரும். கடைசி மூன்று மாதத்தில் விறுவிறுவென்று வளர்ந்துவிடும். பிறக்கும்போது இருக்கும் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இந்த மூன்று மாதத்தில் கூடுவதுதான். ஆனால், நம்மில் பலர் என்ன செய்கிறோம்? கறக்கும்வரை தவிடும் புண்ணாக்கும் வைக்கிறோம். பால் வற்றியவுடன், இனி எதற்குச் செலவு என்று செம்பனை மரத்தடியில் மேய விட்டுவிடுகிறோம். வளர்ந்த செம்பனையின் கீழே வெயில் விழுவதில்லை. வெயில் இல்லாத இடத்தில் நல்ல புல் ஏது? கன்று தன் பங்கை எப்படியும் தாயின் உடம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். மெலிந்து போவது தாய். ஈன்ற பிறகு பாலும் குறையும், அடுத்த சினையும் தள்ளிப்போகும்.

ஈனுவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது கறப்பதை நிறுத்திவிட வேண்டும். ஏழாம் மாதத்திலிருந்து புல்லோடு நாளொன்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோ வரை கலப்புத் தீவனம் கொடுக்கலாம். அதற்கு மேல் அள்ளிப் போட்டுக் கொழுக்க வைக்கவும் கூடாது. கொழுத்த பசு ஈனுவதற்குத் திணறும்.

சரி, எந்தத் தீவனம்? நம் வட்டாரத்தில் எளிதில் கிடைப்பது செம்பனைப் பருப்புப் புண்ணாக்கு. பி.கே.சி. என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். தோட்டத்து ஆலையில் பழத்தைப் பிழிந்து எண்ணெய் எடுத்தபின், கொட்டையை உடைத்துப் பருப்பை வேறோர் ஆலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே பருப்பெண்ணெய் எடுத்தது போக மிஞ்சும் சக்கைதான் இது. நம் வீட்டு வாசலில் காய்க்கும் மரத்தின் சக்கை கப்பலேறி நியூசிலாந்துப் பால் பண்ணைகளுக்குப் போகிறது என்றால் நம்புவீர்களா? உண்மைதான்.

இதில் புரதம் 14 முதல் 18 விழுக்காடு. கறவை மாட்டுக்கு நல்ல தீவனம், விலையும் குறைவு. குறைகளும் உண்டு. நறநறவென்று இருப்பதால் பழகாத மாடு முதலில் முகர்ந்துவிட்டு விலகிப் போகும். சில மூட்டைகளில் கருப்பாக ஓட்டுத் துண்டுகள் மிகுதியாகக் கிடக்கும்; கையில் ஒரு பிடி எடுத்துத் தேய்த்தாலே தெரிந்துவிடும். முக்கியமான குறை வேறு. இதில் பாஸ்பரஸ் கூடுதல், சுண்ணாம்புச் சத்து குறைவு. அரிசித் தவிடும் அப்படியே. ஆகவே, இவை இரண்டையும் மட்டும் கலந்து வைப்பவர்கள் கறக்கும் மாட்டுக்குத் தீவனக் கடையில் விற்கும் சுண்ணாம்புக்கல் மாவை 100 கிலோவுக்கு ஒன்று அல்லது இரண்டு கிலோ சேர்க்க வேண்டும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைச் சேர்க்கக் கூடாது. அது நீற்றியது, வாயையும் குடலையும் புண்ணாக்கும். கறவைப் பசுவின் கலப்பில் பி.கே.சி. பாதிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

பக்கத்து வீட்டில் செம்மறி ஆடு இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். இந்தப் புண்ணாக்கில் செம்பு என்ற தாது இருக்கிறது. மாட்டுக்கு அதனால் தொல்லை இல்லை, வெள்ளாடும் ஓரளவு தாங்கும். செம்மறியோ அதை ஈரலில் சேர்த்து வைத்துக்கொண்டே போய், ஒருநாள் திடீரென்று கண் மஞ்சளித்து, சிறுநீர் கறுத்து, செத்து விழும். மாட்டுக்கு நல்லது ஆட்டுக்கும் நல்லதுதானே என்று நினைப்பதால் வரும் கேடு இது.

தவிட்டுக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்கள் சிலாங்கூரின் நெற்களஞ்சியம் அல்லவா? புதுத் தவிடு இனிப்பு மணம் வீசும். எண்ணெய்ச் சத்து மிகுந்திருப்பதால் சில வாரங்களிலேயே சிக்கு நாற்றம் அடிக்கும். உமி கலந்த தவிடும் விற்கிறார்கள். ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஒரு பிடி போட்டுக் கலக்கினால் உமி மேலே மிதக்கும். மிதப்பது மிகுதியானால் அந்தக் கடைக்காரருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போகலாம்.

இனி, ஆலையில் கலந்து மூட்டையாக வரும் தீவனம். மூட்டையில் தைத்திருக்கும் சீட்டை யார் படிக்கிறார்கள்? உங்கள் வீட்டில் நான்காம் ஐந்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளை இருக்கிறதே, அதைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். 'புரோட்டீன் காசார்' என்பது மொத்தப் புரதம். 'செராட் காசார்' என்பது நார். 'லெமாக் காசார்' கொழுப்பு. 'லெம்பாப்பான்' ஈரம். 'தாரிக் லுப்புட்' கெடும் தேதி. 'லெம்பு தெனுசு' என்றால் கறவை மாட்டுக்கு, 'அனாக் லெம்பு' என்றால் கன்றுக்கு, 'அயாம்' என்றால் கோழிக்கு. மலேசியாவில் 2009ஆம் ஆண்டு கால்நடைத் தீவனத்துக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சீட்டு இல்லாத மூட்டை, வேறு சாக்கில் கொட்டிக் கட்டிய மூட்டை, இவற்றைச் சினைப் பசுவுக்கு வாங்கவே வேண்டாம். உரச்சாக்கில் கட்டிய தீவனம் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

விலையைப் பார்ப்பதற்குப் பள்ளியில் நாங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கணக்கு ஒன்று உண்டு. இந்த விலைகள் கணக்குக்காக வைத்தவை. 50 கிலோ மூட்டை ஒன்று 60 வெள்ளி, புரதம் 16 விழுக்காடு. இன்னொரு 50 கிலோ மூட்டை 54 வெள்ளி, புரதம் 12 விழுக்காடு. எது மலிவு? எல்லாப் பிள்ளைகளும் 54 வெள்ளி என்று கை தூக்குவார்கள். முதல் மூட்டையில் 8 கிலோ புரதம் இருக்கிறது. ஒரு கிலோ புரதத்துக்கு 7 வெள்ளி 50 காசு. இரண்டாவதில் 6 கிலோதான். ஒரு கிலோவுக்கு 9 வெள்ளி. ஆறு வெள்ளி மிச்சம் பிடித்தவர் உண்மையில் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்.

இந்தக் கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சீட்டில் எழுதியிருக்கும் புரதத்தை நேராக அளப்பதில்லை. தீவனத்தில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25ஆல் பெருக்கி எழுதுகிறார்கள். யூரியாவில் நைட்ரஜன் 46 விழுக்காடு. ஆகவே, ஒரு கிலோ யூரியாவைக் கலந்தால் தாளில் ஏறக்குறைய 2 கிலோ 900 கிராம் புரதம் ஏறிவிடும்! அசைபோடும் வளர்ந்த மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் கொஞ்சம் யூரியாவைப் புரதமாக மாற்றிக்கொள்ளும். அதனால் வளர்ந்த மாட்டுத் தீவனத்தில் அளவோடு சேர்ப்பது ஏமாற்று அல்ல. ஆனால், இளங்கன்றுக்கு அந்த வயிறு இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை. சீட்டில் யூரியா என்று இருந்தால் அந்த மூட்டை கன்றுக்கு ஆகாது. வீட்டில் யாரும் உர யூரியாவை அள்ளிக் கலக்கவும் கூடாது. அளவு சற்றுத் தவறினால் மாடு சில மணி நேரத்தில் வயிறு ஊதி விழுந்துவிடும்.

கோழித் தீவனம் மிஞ்சிக் கிடக்கிறது, மாட்டுக்குப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். மாவுச்சத்து மிகுந்த அந்தத் தீவனம் மாட்டின் வயிற்றைப் புளிக்க வைக்கும். இறைச்சி எலும்பு மாவு சேர்ந்த கோழித் தீவனமும் உண்டு. மாட்டுக்கு அந்த மாவைக் கொடுத்ததால் வந்த வினைதான் 1986இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட பைத்தியப் பசு நோய். குதிரை வளர்ப்பவர் யாரேனும் கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கும் ஒரு சொல்: கோழிக்கும் மாட்டுக்கும் வரும் சில தீவனங்களில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். கோழி அதைத் தாங்கும். குதிரைக்கு அது சிறு அளவிலேயே இதயத்தைக் கெடுக்கும் நஞ்சு. சினைக் குதிரைக்கும் குட்டிக்கும் குதிரைக்கென்றே செய்த மூட்டையைத் தவிர வேறெதையும் அவிழ்க்காதீர்கள்.

பூஞ்சணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவற்றின் தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்து, அப்லாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகியிருந்தது. கடலை, சோளம், கொப்பரைப் புண்ணாக்கு ஆகியவை ஈரம் பட்டால் அந்த நஞ்சு நம் கொட்டகையிலும் வரும். பசு அதைத் தின்றால் ஒரு பகுதி பாலில் இறங்கும். பாலைக் காய்ச்சினாலும் அது அழியாது. அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளைகள். கட்டி பிடித்த தீவனத்தை உடைத்து வெயிலில் காய வைத்துப் போடுவது சிக்கனம் ஆகாது. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை அடித்து ஒரு சாண் உயரத்தில், சுவரில் ஒட்டாமல் வையுங்கள். ஒரு மாதத்துக்குள் தீரும் அளவே வாங்குங்கள்.

அளவை டின்னால் அளப்பது நம் வழக்கம். பள்ளியில் பிள்ளைகளை விட்டு ஒரே மைலோ டின்னில் தவிட்டையும் பி.கே.சி.யையும் நிறுக்கச் சொன்னோம். பி.கே.சி. ஏறக்குறைய இரண்டு மடங்கு கனத்தது. தவிட்டுக்குப் பழகிய டின்னில் புண்ணாக்கை அதே கணக்கில் போட்டால் மாட்டுக்கு ஒரே நாளில் இரட்டைத் தீனி. எந்தத் தீவனம் மாற்றினாலும் ஒரு வாரம் பத்து நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

ஈனுவதற்குக் கடைசி மூன்று வாரம் தனிக் கவனம். முன்னே சொன்ன சுண்ணாம்புக்கல் மாவை அந்த மூன்று வாரம் நிறுத்திவிடுங்கள். இது பலருக்கு வியப்பாக இருக்கும். சுண்ணாம்புச் சத்து தாராளமாக வந்துகொண்டிருந்தால் பசுவின் உடம்பு தன் எலும்பிலிருந்து எடுக்கும் பழக்கத்தை மறந்துவிடுகிறது. ஈன்றவுடன் பால் சுரக்கும்போது திடீரென்று தேவை ஏறும். எடுக்கத் தெரியாமல் பசு படுத்துவிடும். காது குளிர்ந்து, கழுத்தை விலாப் பக்கம் வளைத்துக் கிடந்தால் அது பால் காய்ச்சல். மூன்றாம் ஈற்றுக்கு மேல் நன்றாகக் கறக்கும் கலப்பினப் பசுக்களுக்கே இது மிகுதி. நம் பாட்டன்மார் காலத்திலிருந்து இங்கே வளரும் உள்ளூர் இந்திய மாட்டுக்குக் குறைவு. வாயைப் பிளந்து எண்ணெயோ கஞ்சியோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். கால்நடை மருத்துவர் நரம்பில் கால்சியம் ஏற்றினால், பல சமயம் அன்றே எழுந்து நிற்கும்.

கன்று பிறந்தால் அக்கம்பக்கத்தார் சீம்பால் கேட்டு வருவார்கள். கட்டி காய்ச்சி வெல்லம் போட்டுத் தின்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால், முதல் பங்கு கன்றுக்கு. பிறந்த கன்றுக்கு நோயை எதிர்க்கும் சக்தி சொந்தமாக இல்லை. சீம்பால் வழியாகத்தான் தாயிடமிருந்து வருகிறது. அதை உறிஞ்சும் வாசல் கன்றின் குடலில் மணிக்கு மணி மூடிக்கொண்டே போய், ஒரு நாளில் அடைந்துவிடும். பிறந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஒருமுறை, பிறகும் தொடர்ந்து, முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். அண்டை வீட்டுக்கு இரண்டாம் நாள் கொடுத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு வாரம் ஆனதும் கன்றுத் தீவனத்தில் ஒரு பிடி வாயருகே காட்டிப் பழக்குங்கள். புரதம் 18 முதல் 20 விழுக்காடு, நார் குறைவு, யூரியா இல்லை என்று சீட்டில் பார்த்து வாங்குங்கள். பி.கே.சி. இந்த வயதுக்கு ஏற்றதன்று. நாரும் நறநறப்பும் மிகுதி. பக்கத்தில் எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும். மூன்று நாள் தொடர்ந்து முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை தானே தின்றால், கன்று பாலை விடத் தயாராகிவிட்டது. பொதுவாக இரண்டிலிருந்து மூன்று மாதத்தில் அந்த நாள் வரும். அதற்கு முன்பே பாலை விற்கும் ஆசையில் கன்றை அவிழ்த்து இழுத்துவிட்டால், மிச்சம் பிடித்த அந்தப் பாலின் காசை ஓராண்டு கழித்து ஒட்டிய வயிறும் உப்பிய மயிருமாக நிற்கும் கிடாரியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.