மூட்டுவாதமும் வீட்டு வாசற்படியும்

(யூபிலி விழாக் கூட்டத்தில் நோயாளர் சந்திப்புக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



எங்கள் குழுவுக்கு இம்மேடையில் ஐந்து நிமிடம் தந்திருக்கிறீர்கள். அதை மூட்டுவாதத்துக்கே செலவிட விரும்புகிறோம்.

பூசைக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒரு மூதாட்டியைச் சென்ற மாதம் பார்க்கப் போனோம். சாயங்காலம் நாலு மணிக்குமேல் அவர் தண்ணீரே குடிப்பதில்லை. காரணம் கேட்டால் சிரிக்கிறார். மருமகள்தான் சொன்னார்: குந்தி உட்கார்ந்தால் எழ முடியாது, இரவில் பிறரை எழுப்பவும் மனமில்லை.

தூய்மை இந்தியா திட்டத்தில் 2014 முதல் கிராமத்து வீடுகளில் கழிப்பறை கட்ட 12,000 ரூபாய் கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வைத்தது பெரும்பாலும் குந்தி அமரும் பீங்கான். தேய்ந்த முழங்காலுக்கு அது இருந்தும் இல்லாதது போலத்தான்.

சர்க்கார் உதவி இல்லவே இல்லையா? இருக்கிறது. 2017 ஏப்ரல் 1 அன்று நெல்லூரில் தொடங்கிய ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டம், 60 வயதைக் கடந்த ஏழைகளுக்குக் கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி முதலியவற்றை முகாம் வைத்து இலவசமாக அளிக்கிறது. மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேற்படாதவர்களும் பெறலாம். முழங்கால் பட்டையும் கழிப்பறை நாற்காலியும் பிற்பாடு சேர்க்கப்பட்டன. இந்த நாற்காலியைப் பற்றி நாங்கள் விசாரித்த வீடுகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. கைத்தடியோடு திரும்பிவிடுகிறார்கள்!

ஆனால் சுவரில் ஒரு பிடிகம்பி பதிக்கவோ வாசற்படியைச் சரிவாக்கவோ அத்திட்டத்தில் வழியில்லை. இங்கிலாந்தில் 1970-லேயே ஆல்ஃப்ரெட் மோரிஸ் என்ற எம்.பி. கொண்டுவந்த சட்டம் வீட்டையும் கணக்கில் எடுத்தது. இன்று அங்கே கவுன்சில் ஆள் வீட்டுக்கே வந்து, நோயாளி எப்படி எழுகிறார், முடங்கிய விரலால் குழாயை எப்படித் திருகுகிறார் என்று பார்க்கிறார். தேவை என்று கண்டால், 1,000 பவுண்டு வரையிலான சாமான்களும் சிறு மாற்றங்களும் வருமானம் பாராமல் இலவசம். பெரிய வேலைக்கு, வருமானத்தைப் பார்த்து 30,000 பவுண்டு வரை மானியம். அங்கும் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம். அது பணக்கார நாடு என்பீர்கள். ஒரு பிடிகம்பி என்ன விலை?

அந்த மூதாட்டியின் வீட்டில் நம் பங்குக் கொத்தனார் ஒருவர் கூலி வாங்காமல் கம்பி பதித்துவிட்டார். நாற்காலிக்கு மனு எழுத வேண்டும். அவருக்கு மட்டுமல்ல, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும். வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பள்ளித் திண்ணையில் இருப்போம். ஆதார் நகலும் வருமானச் சான்றும் கொண்டு வாருங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு நாங்களே எடுத்துச் செல்கிறோம். பிடிகம்பியையும் சேர்த்தே கேட்போம்.