கடைக்காரரும் சட்டமும்: கொள்ளை நோய் கற்பித்த பாடம்

(சிறு வணிகர்களிடையே ஆற்றிய உரை)



2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள் இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு வந்தது. நள்ளிரவு முதல் நாடு முழுவதும் அடைப்பு என்றார்கள். இடையே இருந்தவை நான்கு மணி நேரம்! அந்த நான்கு மணி நேரத்தில் தேநீர்க் கடைக்காரர் என்ன செய்வார்? முடிதிருத்தும் நிலையத்தார் என்ன செய்வார்? நான்கு தையல் எந்திரங்களைக் கடனுக்கு வாங்கிப் போட்டிருந்த தாய் யாரைப் போய்க் கேட்பார்? கதவு அடைபட்டது, வாடகை அடைபடவில்லை. வணிகம் நின்றது, வட்டி நிற்கவில்லை.

நோய் தணிந்துவிட்டது. ஆனால், அன்று சிறு வணிகர் பட்ட இன்னல்களுள் சரிபாதி நோயால் வந்தது. மறுபாதி, சட்டம் தெரியாமையால் வந்தது. சட்டம் தடியாக வந்தபோது அஞ்சினோம். அதே சட்டத்துக்குள் கேடயமும் இருந்தது என்பதை அறியாது போனோம். அதைத்தான் இன்று உங்கள் முன் எடுத்துவைக்க விரும்புகிறேன்.

எந்தச் சட்டத்தால் அடைத்தார்கள்?

இரண்டு சட்டங்கள். ஒன்று, 1897-இல் பம்பாயில் பிளேக் பரவிய நாளில் வெள்ளையர் ஆட்சி இயற்றிய கொள்ளை நோய்ச் சட்டம். நான்கே பிரிவுகள் கொண்ட சின்னஞ்சிறு சட்டம். அதிகாரம் மட்டும் மிகப் பெரிது. மற்றொன்று, 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். அதன் 51-ஆவது பிரிவின்படி, ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை. மீறலால் உயிரிழப்பு நேர்ந்தால் இரண்டாண்டு வரை.

தண்டிக்கும் பிரிவு தெளிவாக இருந்தது. அடைத்த கடைக்கு யார் ஈடு செய்வது என்பது மட்டும் தெளிவாக இல்லை. ஆகவே, வேறு சட்டங்களிலேதான் நம் பாதுகாப்பைத் தேட வேண்டியதாயிற்று.

வாடகை யார் தருவது?

"அரசே வாடகையைத் தள்ளிவிட்டதாமே" என்று அந்நாளில் கடைத்தெரு முழுவதும் பேசிக்கொண்டார்கள். உண்மை என்ன? 2020 மார்ச்சு 29-ஆம் நாள் உள்துறை அமைச்சகம் ஆணையிட்டது மெய். ஆனால், ஒரு மாத வாடகையைக் கேட்கக் கூடாது என்று அது சொன்னது, தொழிலாளர்கள் குடியிருந்த இடங்களுக்கு. கடை வாடகைக்கு அன்று! இதை அறியாமல் வாடகையை நிறுத்திவைத்தவர் பலர், பின்னர் நிலுவைக்காரர் ஆயினர்.

1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 56-ஆவது பிரிவு ஒன்று உண்டு. செய்ய இயலாததாகிவிட்ட ஒப்பந்தம் செல்லாது என்பது அதன் கருத்து. ஆனால், அது குத்தகைக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே கூறிவிட்டது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமோ, கட்டடம் நிலையாகப் பயனற்றுப் போனால்தான் குத்தகையை முடித்துக்கொள்ளலாம் என்கிறது. அடைப்பு தற்காலிகமானது அல்லவா? ஆகவே, 2020 மே மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றம், கடையைத் தன் வசம் வைத்துக்கொண்டு வாடகையை மட்டும் நிறுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. செலுத்துவதற்குச் சற்று அவகாசம் மட்டும் தந்தது.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு! இயற்கைப் பேரிடர், கொள்ளை நோய், அரசு ஆணை ஆகியவற்றால் கடை மூடப்படும் நாள்களுக்கு வாடகை இல்லை, அல்லது பாதி வாடகை என்று ஒரே ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த வரியை நீதிமன்றம் மதிக்கும். அந்த வரி நம் பத்திரங்களில் இருக்கிறதா? வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்கள். பலருக்குப் பத்திரமே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. கட்டட உரிமையாளர் தாமே பூட்டுப் போட்டு வெளியேற்றுவதையும், குடிநீரையும் மின்சாரத்தையும் துண்டிப்பதையும் அச்சட்டம் ஏற்பதில்லை. வெளியேற்ற வேண்டுமானால் வாடகை நீதிமன்றத்தின் ஆணை வேண்டும்.

கூலி

அதே மார்ச்சு 29-ஆம் நாள் ஆணை, அடைப்பு நாள்களுக்கும் முழு ஊதியம் தரவேண்டும் என்றது. உழைப்பவன் வயிறு காய வேண்டும் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால், இரண்டு பேரை வைத்துக் கடை நடத்துபவரையும், இரண்டாயிரம் பேரை வைத்து ஆலை நடத்துபவரையும் ஒரே தட்டில் நிறுத்துவது நியாயமா? மே 18 முதல் அந்த ஆணை விலக்கப்பட்டது. இடைப்பட்ட ஐம்பது நாள் ஊதியம் குறித்து இருதரப்பும் அமர்ந்து பேசித் தீர்த்துக்கொள்க என்று உச்ச நீதிமன்றம் ஜூன் 12-இல் வழிகாட்டியது. பேசித் தீர்த்ததை எழுதிக் கையொப்பம் பெற்றவர் தப்பினார்.

கடனும் வட்டியும்

தவணையை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. முதலில் மே முடிய, பிறகு 2020 ஆகஸ்டு 31 வரை. ஒத்திவைப்பு என்பது தள்ளுபடி அன்று! வட்டி ஓடிக்கொண்டேயிருந்தது. வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்று 2021 மார்ச்சு 23-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழு வட்டியையும் தள்ள மறுத்துவிட்டது. இந்தச் சலுகையெல்லாம் வங்கிக் கடனுக்கும் நிதி நிறுவனக் கடனுக்கும். தண்டல்காரரிடம் வாங்கியவருக்கு? அவருக்கு இருந்த துணை, கந்துவட்டியையும் மீட்டர் வட்டியையும் தடை செய்யும் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம்தான். எத்தனை பேர் அதைச் சொல்லிப் புகார் கொடுத்தோம்?

வரவேண்டிய பணம்

சிறு பட்டறைக்காரர் சரக்கைக் கொடுத்துவிட்டார். பெரிய நிறுவனம் பணத்தைத் தரவில்லை. 2020 மார்ச்சு 24-இல் திவால் சட்டத்தின் வரம்பை ஓர் இலட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாயாக உயர்த்தினார்கள். சிறு நிறுவனங்களைக் காப்பதற்காக என்றார்கள். விளைவு என்ன? பத்து இலட்சம் வரவேண்டிய சிறியவர், பெரிய நிறுவனத்தின்மீது அந்தச் சட்டத்தை ஏவ முடியாமற் போயிற்று!

ஆனால், வேறொரு வாள் உறையில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம், குறு, சிறு தொழில் செய்வோர் தந்த சரக்குக்கு எப்படியும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால், வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி. முறையிட வசதியாக்க மன்றம் உண்டு. அதன் முடிவை எதிர்த்து வழக்காட வேண்டுமானால், தொகையில் 75 விழுக்காட்டை முன்னரே கட்ட வேண்டும். இந்த உரிமையை ஐயமறப் பெற, சரக்கு கொடுப்பதற்கு முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். ஒன்றை மறவாதீர்கள்: வாங்கி விற்கும் வணிகரை 2021-இல் இந்தப் பட்டியலில் சேர்த்தது வங்கிக் கடன் முன்னுரிமைக்காக மட்டுமே.

காவல் நிலைய வாசலில்

பணம் போனால் மீட்டுவிடலாம். உயிர் போனால்?

2020 ஜூன் 19. சாத்தான்குளத்தில் கைபேசிக் கடை வைத்திருந்த தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். குறித்த நேரத்துக்குப் பிறகும் கடை திறந்திருந்தது என்பது சாட்டப்பட்ட குற்றம். நான்கு நாள்களுக்குள் இருவரும் பிணமாயினர். உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கைக் கையில் எடுத்தது. மத்தியப் புலனாய்வுத் துறை, காவலர்கள்மீதே கொலைக் குற்றம் சாட்டிற்று. கடைக் கதவைச் சாத்தத் தாமதமாயிற்று என்பதற்கு எந்த நாட்டுச் சட்டத்தில் மரண தண்டனை?

நோய்த் தடுப்புக் கட்டுப்பாட்டை மீறுங்கள் என்று நான் கூறவில்லை. மீறியவருக்கும் உரிமை உண்டு என்று கூறுகிறேன். அரசு ஊழியரின் ஆணையை மீறுவது அன்று தண்டனைச் சட்டத்தின் 188-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் நியாய சன்ஹிதாவின் 223-ஆவது பிரிவு. உரிய அதிகாரி எழுத்தில் முறையிட்டாலன்றி நீதிமன்றம் அக்குற்றத்தை விசாரணைக்கு ஏற்க முடியாது. ஏழாண்டுக்குட்பட்ட தண்டனைக் குற்றங்களுக்குக் கண்மூடித்தனமாகக் கைது செய்யலாகாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. கைது செய்தால், நாளும் நேரமும் குறித்த குறிப்பு எழுதி, உறவினரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையொப்பமிட வேண்டும். குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவை 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வகுத்த விதிகள். 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். இது அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. நடுவர் முன் வாய் திறந்து, "அடித்தார்கள்" என்று சொல்லும் உரிமையும் உண்டு.

தோழர்களே! இந்த விதிகள் புத்தகத்தில் இருந்தன. அன்று காவல் நிலைய வாசலில் இல்லை. புத்தகத்திலிருந்து வாசலுக்குக் கொண்டுவருவது யார் வேலை? நம் வேலை!

ஒவ்வொரு கடைத்தெருவிலும் ஒரு தோழர் இருக்கட்டும். வாடகைப் பத்திரத்தைப் படித்துச் சொல்லட்டும். பதிவு செய்ய உடன் செல்லட்டும். மாவட்டச் சட்ட உதவி ஆணையத்தின் முகவரியைக் கடைச் சுவரில் ஒட்டட்டும். எவரேனும் அழைத்துச் செல்லப்பட்டால், வழக்கறிஞரோடு அந்த இரவே நிலைய வாசலில் நிற்கட்டும்.

இன்னொரு கொள்ளை நோய் எப்போது வரும் என்று எவரும் சொல்லிவைக்கவில்லை. வரும்போது நமக்குக் கிடைக்கக் கூடியது மீண்டும் நான்கு மணி நேரமாக இருக்கலாம். அந்த நான்கு மணி நேரத்தில் சட்டம் படிக்க முடியாது. இன்றே படியுங்கள், நாளையே பக்கத்துக் கடைக்காரருக்குச் சொல்லுங்கள்.