மகசினையும் கொஞ்சம் கவனியுங்கள்

துவக்கைக் கண்டாலே நெஞ்சு படபடக்கிற காலத்தைக் கடந்து வந்தவர்கள் எங்களில் பலர். அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய பேச்சு, கனடாவில் பாதுகாப்புப் பாடம் படித்து, உரிமம் எடுத்து, வேட்டைக்கோ இலக்குச் சுடுதலுக்கோ றைபிள் வைத்திருப்பவர்களுக்கானது. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் மற்றவர்களும் கேளுங்கள். வீட்டில் இருக்கிற பொருளைப் பற்றி எல்லோரும் அறிந்திருப்பது நல்லது.

நான் வேலை செய்வது துவக்குத் திருத்தும் பட்டறையில். இலையுதிர் காலம் நெருங்கினால் வேட்டைக்காரர்கள் வரிசையாக வருவார்கள். "ரவை ஏறுது இல்லை, நடுவிலை இறுகி நிக்குது" என்பதுதான் பெரும்பாலான முறைப்பாடு. குழாய் கண்ணாடிபோல மினுங்கும். போல்ட்டும் சுத்தமாக இருக்கும். ரவைகள் அடுக்குகிற பெட்டியான மகசினைக் கழற்றி அடித்தட்டைத் திறந்தால் உள்ளே பழைய எண்ணெய், மண், பைன் மரத்து ஊசியிலை எல்லாம் சேர்ந்து பசையாகிக் கிடக்கும். பழுது றைபிளில் இல்லை, மகசினில்தான்.

இந்த மகசினுக்கும் எங்கள் ஒன்ராறியோவுக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. இதைச் சொல்லாமல் என்னால் அடுத்த விடயத்துக்குப் போக முடியாது! ஸ்கொட்லாந்தில் பிறந்து, சின்ன வயதிலேயே கால்ட் என்ற ஊருக்கு வந்து வளர்ந்தவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ. கால்ட் இன்று கேம்பிரிட்ஜ் நகரத்தின் ஒரு பகுதி. கிச்சினர் பக்கம் இருக்கிற நேயர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம். மணிக்கூடு திருத்தும் தொழில் பழகிய லீ, போல்ட்டுக்குக் கீழே பெட்டி வடிவ மகசினைப் பொருத்தும் முறைக்கு 1879 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ரவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். அடியில் இருக்கிற ஸ்பிரிங் ஒவ்வொன்றாக மேலே தள்ளும். எவ்வளவு எளிமை! லீ-என்ஃபீல்ட் என்ற றைபிளின் பெயரில் முதற்பாதி அவருடையதுதான். ஊரில் பொலிஸ்காரர் தோளில் நாங்கள் பார்த்த 303 நினைவிருக்கிறதா? அதேதான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்த றைபிளை 9 இலட்சத்துக்கு மேல் செய்தது லோங் பிராஞ்ச் தொழிற்சாலை. வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அதன் பரிசோதனைக் கட்டடம் மிசிசாகாவில், லேக்ஷோர் வீதியில், கலை நிலையமாக இன்றும் நிற்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். வடதுருவப் பக்கம் ரோந்து போகிற கனேடியன் ரேஞ்சர்ஸ் அந்த 303 ஐத்தான் பல பத்தாண்டுகள் வைத்திருந்தார்கள். அந்தக் குளிரிலும் அது உழைத்தது.

குளிர் என்றதும் முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். மகசினுக்கு எண்ணெய் அதிகம் ஆகாது. துவக்குக்கு எண்ணெய் நல்லது என்று படித்தவர்கள் மகசினுக்குள்ளும் ஊற்றிவிடுகிறார்கள். எண்ணெய் தூசியைப் பிடிக்கும், கடும் குளிரில் தடித்து ஸ்பிரிங்கை மந்தமாக்கும், ரவையின் அடியில் கசிந்து அதையும் கெடுக்கலாம். இன்னொன்று, வெளியே உறைகுளிரில் நின்ற றைபிளை நேரே சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால், கண்ணாடிக் கோப்பை வியர்ப்பதுபோல இரும்பும் வியர்க்கும். மகசினுக்குள் படிகிற அந்த ஈரம் யார் கண்ணுக்கும் தெரியாது. ஸ்பிரிங் துருப்பிடிப்பது அங்கேதான். ரவைகளை எடுத்துவிட்டு, றைபிளை உறைக்குள்ளேயே வைத்து மெதுவாகச் சூடாக விடுங்கள். பிறகு திறந்து, துடைத்து, உலர்த்துங்கள்.

சுத்தம் செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துவக்கைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, மகசினைக் கழற்றி, ரவை அறையையும் ரவை ஏறும் பாதையையும் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவுங்கள். பாடத்தில் படித்த ஒழுங்குதான். ரவைகளை வேறு அறையில் வையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், அடித்தட்டை இழுக்கும்போது ஸ்பிரிங் பாயும். பெருவிரலால் அமத்திப் பிடித்தபடி திறவுங்கள். ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அண்மையில் ஒரு அண்ணை கொண்டுவந்த மகசினில் கடைசி ரவை மட்டும் ஏறவில்லை. திறந்தால் ஸ்பிரிங் முன்பின் மாறிக் கிடந்தது. திருப்பிப் போட்டதும் சரியாகிவிட்டது.

உட்புறத்தை உலர்ந்த தூரிகையாலும் துணியாலும் துடைத்தாலே பெரும்பாலும் போதும். பிளாஸ்ரிக் என்றால் இளஞ்சூடான சவர்க்காரத் தண்ணீர், பிறகு முழுவதும் உலர வேண்டும். இரும்பு ஸ்பிரிங்குக்கு எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவல், பிறகு உலர்ந்த துணியால் இன்னொரு தடவல். மகசினின் வாய் விளிம்பு வளைந்தோ வெடித்தோ இருந்தால் குறட்டால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள். புதிதாக ஒன்றை வாங்குங்கள்.

இனிச் சட்டம். 1989 இல் மொன்றியலில் 14 பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை இந்த நாடு மறக்கவில்லை. அதற்குப் பிறகு 1991 இல் வந்த சட்டத்தின் வழியாகத்தான் மகசின் கொள்ளும் ரவைக்கு வரம்பு வந்தது. அரைத் தானியங்கி சென்ரர்ஃபயர் றைபிளுக்குப் பொதுவாக 5 ரவை. அதற்கு மேல் ஏறாதபடிதான் பல மகசின்களில் ஒரு றிவெற் இருக்கும், அல்லது உள்ளே ஒரு அடைப்பு ஒட்டியிருக்கும். "கழுவ இடைஞ்சலா இருக்கு, றிவெற்றைக் கழற்றி விடுங்கோ" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முடியாது. றிவெற் போனால் அது தடைசெய்யப்பட்ட பொருள். வரம்புக்கு மேல் கொள்ளும்படி மகசினை மாற்றுவதே குற்றம் என்று 2023 இல் தனிப் பிரிவும் வந்திருக்கிறது. திறக்க முடியாத மகசினுக்கு மெல்லிய தூரிகையும் காற்றும் போதும். ஒட்டிய அடைப்பு இருந்தால் கடும் கரைப்பான் ஊற்றாதீர்கள், பசை இளகக்கூடும். றிவெற் ஆடினால், அதைத் தொடாமல் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். உலர்ந்த மகசின், சரியான பக்கம் பார்த்த ஸ்பிரிங், கை வைக்காத றிவெற். இந்த மூன்றையும் இந்தப் பருவத்தில் எங்கள் ஒவ்வொரு வேட்டைக்காரரும் கடைப்பிடிப்பார் என்று நம்புகிறேன். மகசினை வெறுமையாக வையுங்கள், ரவையைப் பூட்டி வையுங்கள், சந்தேகம் வந்தால் தெரிந்தவரைக் கேளுங்கள். சட்டத்துக்குள் நில்லுங்கள், பத்திரமாக வீடு திரும்புங்கள்.