இளம் பருவத்தினரின் இதயநலம்: அளக்கும் முறை பற்றி
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலை வெடித்தால், மாண்டோரின் கணக்கு மறுநாள் நாளேட்டில் வந்துவிடுகிறது. நாற்பத்தைந்து வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்களின் கணக்கையோ எவரும் எழுதி வைப்பதில்லை. 'வாயுப் பிடிப்பு' என்று கூறி அடக்கம் செய்துவிட்டுத் திரும்புகிறோம். அந்நோயின் வேர் பள்ளிப் பருவத்திலேயே ஊன்றிவிடுகிறது.

இது ஊகமன்று. அமெரிக்காவில் பொகலூசா என்னும் சிற்றூரில், 1970களின் தொடக்கம் முதல், மருத்துவர் ஜெரால்டு பெரன்சன் கறுப்பினச் சிறாரையும் வெள்ளையினச் சிறாரையும் ஒருங்கே பல்லாண்டுகள் அளந்து வந்தார். விபத்து முதலியவற்றால் இளமையில் இறந்தோரின் இரத்தக் குழாய்களை ஆராய்ந்தபோது, கொழுப்புப் படிவு அப்போதே தொடங்கியிருந்தது. உடற்பருமன், இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவை ஒன்றுசேரச் சேரப் படிவும் மிகுந்திருந்தது.

நம் நாட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு மாணவர் பழக்கங்களைக் கேட்டறிந்த 2007ஆம் ஆண்டு ஆய்வு, மத்திய வாரியப் பள்ளிகளில் நடந்தது. ஊராட்சிப் பள்ளியிலும் ஆதி திராவிடர் நலப் பள்ளியிலும் பயிலும் நம் பிள்ளைகள் அதில் இல்லை.

ஆகவே, எங்கோ அச்சான வினாத்தாள் ஒன்றை நம் மாலை வகுப்பில் கொடுத்துப் பார்த்தோம். "நாள்தோறும் ஏன் விளையாடுவதில்லை?" என்பது ஒரு வினா. விருப்பமில்லை, நேரமில்லை, உடல்நலமில்லை என மூன்றே விடைகள். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் 'விருப்பமில்லை' என்று குறியிட்டிருந்தான். ஓட்டத்தில் அவனை முந்த ஆளில்லை என்பதை நாம் அறிவோம். தனியே அழைத்துக் கேட்டோம். "திடல் ஊருக்குள் இருக்கிறது, ஐயா. நம் பக்கத்துப் பையன்கள் போனால் வம்பு வருகிறது. அதை எழுத இதில் இடமில்லையே" என்றான். மறுக்கப்பட்ட திடல், அந்தத் தாளில் பிள்ளையின் சோம்பலாகப் பதிவாகியிருந்தது! அன்றிரவே அதனை ஒதுக்கிவிட்டு வேறு வினாக்கள் எழுதினோம்.

நாள்தோறும் குடத்தில் நீர் சுமக்கும் மாணவி, 'உடற்பயிற்சி செய்வதில்லை' என்று எழுதுகிறாள். விடுமுறையெல்லாம் காகிதக் குழல் சுற்றி அமர்ந்திருப்பவனோ, பட்டாசுத் தொழிலில் சிறாரைச் சட்டம் தடுப்பதை அறிந்தவனாகையால், அதை எழுதவே அஞ்சுகிறான். பெயரில்லாத தாளில்தான் மெய் வரும்.

அறிவு வேறு, பழக்கம் வேறு. புகையிலை தீது என்று எல்லாரும் எழுதுவர். எனினும் 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் 13 முதல் 15 வயது மாணவரில் நூற்றுக்கு 8.5 பேர் அதனைப் பயன்படுத்தினர். எனவே "வழக்கமாக" என்று கேளாமல், "சென்ற ஏழு நாளில் எத்தனை நாள்?" என்று கேட்க வேண்டும். இரு வாரம் கழித்து அதே வினாவை மீண்டும் கேட்டு, விடைகள் பெரிதும் மாறினால் வினாவையே ஐயுற வேண்டும்.

உப்பு மிகுதியாக உண்கிறாயா என்று கேட்பதிலும் பயனில்லை. ஒரு கிலோ உப்பு வீட்டில் எத்தனை நாளில் தீர்கிறது, எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஐவர் வாழும் வீட்டில் ஒரு கிலோ 40 நாளாவது வர வேண்டும். ஊறுகாய், கருவாடு, கடைத் தின்பண்டம் ஆகியவற்றின் உப்பு இக்கணக்கில் சேராது. (நம் வீட்டில் 25 நாள்தான் வந்தது. அன்று முதல் ஊறுகாய்ச் சாடி மேல்தட்டுக்குப் போய்விட்டது.)

இரத்த அழுத்தம் பார்ப்போர், பிள்ளையின் கைக்குப் பொருந்தும் பட்டையையே கட்ட வேண்டும். ஐந்து நிமிடம் அமர்த்திய பின்னரே அளக்க வேண்டும். 13 வயதுக்கு மேற்பட்டோர்க்கு 120/80க்குக் கீழ் இருப்பது நலம். ஒருமுறை மிகுந்தால் அஞ்ச வேண்டாம், வேறு நாட்களில் மீண்டும் பாருங்கள்.

புதிய வினாத்தாள் அணியமாக உள்ளது. வீடுதோறும் கொண்டு செல்லப் பட்டதாரி இளைஞர்கள் முன்வர வேண்டுகிறோம். திடலைப் பொதுவாக்கக் கோரி மாவட்ட ஆட்சியருக்கு எழுதிய விண்ணப்பமும் வாயிலருகே மேசைமேல் இருக்கிறது. பெற்றோர் கையொப்பமிட்டுச் செல்லுங்கள்.