ஒட்டுத் துணிப் போர்வை
(நம் சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் இலக்கியம் பேசியோர் உண்டு. இசை பேசியோர் உண்டு. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதி வரும் நமக்குத் தெரிந்த கலை கூட்டலும் கழித்தலுமே. ஆதலின் கூட்டலைப் பற்றியே பேச வந்துள்ளோம். அது துணியைத் துணியோடு கூட்டுவது. சிறு சிறு சதுரங்களாக வெட்டிய துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பதே இன்றைய பொருள். நம் இல்லத்தில் தைப்பவர் மனைவியார். சதுரம் வெட்டுவதும், தேய்ப்பதும், எண்ணுவதும் நம் பங்கு.

நாம் வாழும் இந்த நாகபுரி பருத்தி நாட்டின் நடுவே உள்ளது. விதர்ப்பத்தின் கரிசல் மண்ணில் விளைந்த பருத்தியை நம்பியே ஜம்சேட்ஜி டாட்டா இங்கே எம்ப்ரஸ் ஆலையை நிறுவினார். 1877 சனவரி முதல் நாளில் அது திறக்கப்பட்டது. இன்று அவ்வாலை ஓடவில்லை. ஆயினும் காந்திபாக் துணிச் சந்தையில் துணி மலைபோல் குவிந்தே கிடக்கிறது. இவ்வூர்க் கோடையை அறியாதார் இல்லை. மார்கழி, தை மாத இரவுகளில் வெப்பம் பத்துப் பாகைக்கும் கீழே இறங்குவதும் உண்டு. அக்குளிருக்கு இந்நாட்டுப் பெண்டிர் கண்ட மருந்தே கோதடி. பழம் புடவைகளைப் பல மடிப்பாக அடுக்கி, மேலே துண்டுத் துணிகளை ஒட்டி, அடுக்கு நழுவாதபடி நெருக்கமாக நூலோட்டி முடிப்பர். அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்றே உடற்சூட்டை வெளியே போகாமல் காக்கிறது. கம்பளிக்கு வழியில்லாதவர் வீட்டிலும் குழந்தை குளிரில் நடுங்காமல் உறங்குவது இதனாலேதான்.

நம் தமிழகத்தில் பெரும்பகுதி குளிரறியாத நாடு. பழஞ்சேலையில் தூளி கட்டினோம். மடித்துக் குழந்தைக்கு விரித்தோம். அதற்கு மேல் தேவை எழவில்லை. ஆனால் துண்டுத் துணியை ஒட்டும் கலையை நாம் அறியாதவர் அல்லேம். தஞ்சை நாட்டில் தேர்களுக்கு அணி செய்யும் தொம்பைகளைப் பாருங்கள். வண்ணத் துணிகளை உருவங்களாக வெட்டி, வேறொரு துணியின்மேல் வைத்துத் தைத்தவை அவை. இறைவன் தேரிலே ஏறிய ஒட்டுத் துணி நம் வீட்டுக் கட்டிலில் ஏறினால் மட்டும் இழிவு என்று நாம் ஏன் எண்ணுகிறோம்?

எண்ணுகிறோம் என்பது உண்மை. நம் காலனியிலேயே ஒரு வீட்டில், ஊரிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று, அண்டை வீட்டு மராத்தியத் தாயார் அன்போடு தைத்துக் கொடுத்த கோதடியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, கடையிலிருந்து பளபளக்கும் செயற்கை இழைப் போர்வையை வாங்கி விரித்தார்கள். "ஒட்டுப் போட்டதைப் போர்த்துகிறார்களே என்று நினைத்துவிட்டால்?" என்பது அவர்கள் அச்சம். அவ்வீட்டாரை நாம் குறை கூறவில்லை. அந்த அச்சம் நம் எல்லோர் உள்ளத்திலும் இருக்கிறது. கந்தலைக் கண்டால் வறுமை நினைவுக்கு வருகிறது. வறுமையிலிருந்து தப்பி வந்தவர்க்கு அந்நினைவு இனிப்பதில்லை.

ஆனால் இந்தக் கந்தலின் வரலாற்றைச் சற்றே கேளுங்கள். வடமொழியில் கந்தா என்பது ஒட்டுப்போட்ட ஆடையைக் குறிக்கும். வங்க நாட்டின் புகழ்பெற்ற காந்தா அச்சொல்லே. நம் கந்தை என்னும் சொல்லும் அதன் உறவே. வங்கப் பெண்கள் பழம் புடவைகளை அடுக்கி, அப்புடவைகளின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுத்து, அதனாலேயே பூவும் கொடியும் தைத்தார்கள். ஒன்றும் வீணாகவில்லை.

பௌத்த நூலாகிய விநய பிடகத்தில் ஒரு செய்தி உண்டு. புத்தர் பெருமான் மகத நாட்டு வயல்களைக் கண்டார். வரப்புகளால் அவை கட்டம் கட்டமாகப் பிரிந்திருந்தன. துறவியரின் ஆடையும் அவ்வாறே துண்டுகளை இணைத்துத் தைக்கப்பட வேண்டும் என்று ஆனந்தரிடம் கூறினார். ஆனந்தரும் அவ்வாறே செய்து காட்டினார். அப்பெருமானின் நெறியை 1956 அக்டோபர் 14 அன்று டாக்டர் அம்பேத்கர் தம்மைப் பின்பற்றிய இலட்சக்கணக்கான மக்களோடு ஏற்றது இந்த நாகபுரி மண்ணிலேதான். ஒட்டுத் துணியை இழிவென்று எண்ணுவதற்கு இவ்வூர் ஏற்ற இடமன்று.

கருநாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துக் காடுகளை அடுத்து, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முன்னோரின் வழிவந்த சித்தி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி வந்து, நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலைகளிலும் துணியை மடித்துப் பூப்போல வைத்துத் தைத்தாலன்றி அது நிறைவு பெற்றதாக அவர்கள் கருதுவதில்லை. அமெரிக்க நாட்டில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில், அடிமைகளாயிருந்தோரின் வழிவந்த பெண்கள், வயலில் உடுத்து நைந்த உடுப்புகளை வெட்டிப் போர்வை தைத்தார்கள். 2002-ஆம் ஆண்டில் அப்போர்வைகள் ஹூஸ்டன் நகரத்திலும், பின்னர் நியூயார்க்கிலும் கலைக்கூடங்களில் ஓவியங்களைப்போல் தொங்கவிடப்பட்டன. 2006-இல் அந்நாட்டு அஞ்சல் துறை அவற்றை அஞ்சல் தலைகளில் அச்சிட்டது. குளிருக்குத் தைத்த பொருள் கலையாகவும் நின்றது.

இனிச் செய்முறைக்கு வருவோம். இதற்குத் துணியைத் தேடி அலைய வேண்டியதில்லை. தையற்காரர் கடையில் விழும் துண்டுகள், பழைய சட்டைகளின் முதுகுப் பகுதி, கிழிந்த புடவையின் நல்ல பகுதி ஆகியவை போதும். துணிக்கடைகளில் மாதிரிக்காக வெட்டி வைக்கும் சதுரங்களும் கிடைக்கும். பருவம் முடிந்தால் கடைக்காரர் அவற்றைக் கழித்துவிடுவார். வெளிநாடுகளில் 5 அங்குலச் சதுரங்களாக வெட்டிக் கட்டுக்கட்டாக விற்கவும் செய்கிறார்கள். நாமும் அந்த 5 அங்குல அளவையே கொள்வோம்.

முதலில் துணியைத் துவைத்து உலர்த்துக. சுருங்குவது முன்னரே சுருங்கட்டும். சாயம் போவது முன்னரே போகட்டும். பருத்தியோடு பருத்தியையே சேர்க்க. செயற்கை இழைத் துணி பருத்திக்குரிய சூட்டைத் தாங்காது. இஸ்திரிப் பெட்டி பட்டதும் சுருண்டுவிடும். மிக நைந்ததைப் புத்தம் புதியதோடு இணைத்தல் ஆகாது. வலியது மெலியதை இழுத்துக் கிழித்துவிடும். தடித்த அட்டையில் 5 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி வைத்துக்கொண்டு, இழை ஓடும் திசையிலேயே துணியை வெட்டுக. குறுக்குச் சாய்வில் வெட்டினால் சதுரம் இழுபட்டுக் கோணிவிடும்.

நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போகும். ஆகவே 5 அங்குலச் சதுரம் தைத்தபின் நாலரை அங்குலமாக நிற்கும். குறுக்கே 12, நெடுக்கே 18 என வைத்தால் 216 சதுரங்கள். போர்வை நாலரை அடி அகலமும் ஆறேமுக்கால் அடி நீளமும் உடையதாகும். எல்லாவற்றையும் முதலில் தரையில் பரப்புக. அடர்ந்த நிறத்தை அடுத்து வெளிர்நிறம் வருமாறு மாற்றி மாற்றி வைத்து, எட்ட நின்று பார்க்க. பிறகு ஒவ்வொரு வரிசையாகத் தைக்க. ஒற்றைப்படை வரிசைகளின் தையல் மடிப்பை இடப்புறமும், இரட்டைப்படை வரிசைகளின் மடிப்பை வலப்புறமும் சாய்த்துத் தேய்த்தால், வரிசைகளை இணைக்கும்போது மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும்.

கால் அங்குலத்தில் கவனம் வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு வீசம் அங்குலம் மிகுதியாகப் பிடித்தால், இரு துண்டுக்கும் சேர்த்து ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம் குறையும். ஒரு வரிசையில் 11 தையல்கள். வரிசை முடிவில் ஒன்றேகால் அங்குலத்துக்கும் மேலே குறைந்து போகும். பிறகு அடுத்த வரிசையோடு அது பொருந்தாது. பிழை சிறிதென்று விட்டால் கூடிக்கொண்டே போகும் என்பது கணக்கர்க்கும் தையற்காரர்க்கும் பொதுவான பாடம்.

இனி நமக்குத் தெரிந்த கணக்கு. வரிசைக்கு 11 வீதம் 18 வரிசைகளுக்கு 198 சிறு தையல்கள். வரிசைகளை இணைக்க 17 நெடுந்தையல்கள். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 160 அடி நீளம். கையால் தைப்பவர் அங்குலத்துக்கு ஆறு முறை ஊசி குத்தினால், 11,500 குத்துகள். பின்னர் அடுக்குகளை இணைக்க, ஓர் அங்குல இடைவெளியில் நெடுக்கே 53 வரிகள் நூலோட்ட வேண்டும். அது ஏறத்தாழ 358 அடி. அங்குலத்துக்கு ஐந்து என்று கொண்டாலும் 21,000-க்கு மேல். ஆக ஒரு போர்வைக்கு ஏறக்குறைய 33,000 முறை ஊசி உள்ளே போய் வெளியே வருகிறது.

தாய்மார்களே, இக்கணக்கை வீண் பொழுதுபோக்காக நாம் போடவில்லை. நம் காலனி வாயிலருகே மரநிழலில் அமர்ந்து கோதடி தைத்துத் தரும் மூதாட்டியாரை நீங்கள் அறிவீர்கள். பழம் புடவைகளைக் கொடுத்துவிட்டு, கூலியில் இருபதைக் குறை, முப்பதைக் குறை என்று நாம் பேரம் பேசுகிறோம். துணி நம்முடையது, அவர் செய்தது வெறும் தையல்தானே என்கிறோம். வெறும் தையல் 33,000 குத்துகள். அலுவலகத்தில் நம் மேலதிகநேரப் படியில் ஒரு ரூபாய் குறைந்தாலும் மனு எழுதும் நாம், அவர் உழைப்புக்கு மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. அவருக்கு மனு எழுதவும் இடமில்லை.

மற்றொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 25 சதுர அங்குலத் துணியில் தையலுக்குப் போனது போக இருபதேகால் சதுர அங்குலமே மேலே தெரிகிறது. நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு உள்ளே மறைகிறது. சதுரத்தை இரண்டரை அங்குலமாகச் சிறுக்கினால் நூற்றுக்கு முப்பத்தாறு பங்கு மறைந்துவிடும். ஓரத்தைச் சிறிதும் விட்டுக் கொடாத துண்டு எதனோடும் சேராது. அளவுக்கு மீறி விட்டுக் கொடுத்தாலோ துண்டே மிஞ்சாது. பிறமொழி நாட்டில் பிழைக்க வந்த நமக்கும் இதுவே நிலை. அண்டை வீட்டாரின் மொழியைப் பேசுகிறோம். அவர்கள் பண்டிகையில் கலக்கிறோம். அந்தக் கால் அங்குலத்தை மகிழ்ச்சியோடு கொடுக்க வேண்டும். ஆனால் நம் பிள்ளைகளின் நாவில் தமிழ் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்து பார்க்கும் பொறுப்பும் நமக்குண்டு. நம் சிறுவர்க்கு நிறங்களின் பெயர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் தெரியும். மயில்கழுத்து, வெங்காயத்தோல், அரக்கு, மாந்தளிர், கிளிப்பச்சை, மாம்பழ நிறம் என்று பாட்டியர் புடவையைப் பிரித்துப் பிரித்துச் சொல்லும் பெயர்கள் எத்தனை சிறுமியர்க்குத் தெரியும்? துணித் துண்டுகளை வண்ணம் பிரித்து அடுக்கும் வேலையில் பாட்டியையும் பேத்தியையும் ஒருங்கே அமர்த்தினால், பாடநூல் இன்றியே அச்சொற்கள் கைம்மாறும்.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். நம் சங்கத்தில் 54 குடும்பங்கள் உள்ளன. குடும்பத்துக்கு நான்கு சதுரம் என்றால் சரியாக 216. வீட்டில் உடுத்து வெளுத்த துணியே வேண்டும். காக்கிச் சட்டை வரட்டும், சுங்குடிப் புடவை வரட்டும், பிள்ளையின் பள்ளிச் சீருடை வரட்டும். தை முதல் ஞாயிறு பிற்பகல்களில் சங்க அறையில் கூடித் தைப்போம். மரநிழல் மூதாட்டியாரை ஆசிரியராக அழைப்போம். வரும் நாள் ஒவ்வொன்றுக்கும், அவர் கேட்கும் கூலியைப் பேரமின்றிக் கொடுப்போம்.

முதற் போர்வை யாருக்கு என்பதையும் கூறிவிடுகிறோம். குளிர்கால இரவில் இரும்பு சுருங்குகிறது. தண்டவாளம் முறியும் அபாயம் அப்போது மிகுதி. அதைக் கண்டு காக்க, கைவிளக்கேந்தி நள்ளிரவில் தண்டவாளத்தின் வழியே நடக்கிறார்கள் ரோந்துத் தொழிலாளர்கள். நாம் கம்பளிக்குள் புரண்டு படுக்கும் நேரத்தில் அவர்கள் மைல் கணக்கில் நடக்கிறார்கள். அவர்கள் ஓய்வெடுக்கும் குடிலுக்கு அப்போர்வை செல்லட்டும். அடுத்தடுத்த போர்வைகள், இடமாற்றம் பெற்றுப் புதிதாக நம் காலனிக்கு வரும் குடும்பங்களுக்குச் செல்லட்டும். மொழி தெரியாத ஊரில் முதல் இரவைக் கழிப்பவர்க்கு, 54 வீட்டுத் துணி ஒன்றாய்ச் சேர்ந்த போர்வையைவிட நல்ல வரவேற்பு வேறு என்ன இருக்க முடியும்?

பரண்மேல் ஏறிய கோதடியை இறக்கி வெயிலில் காய வையுங்கள். சம்பந்தி வந்தால் அதையே விரியுங்கள். இது யார் தைத்தது என்று அவர் கேட்டால், தைத்தவர் பெயரைச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு, ஒவ்வொருவரும் துவைத்துத் தேய்த்த நான்கு சதுரங்களோடு வருக. அட்டை அளவு வேண்டுவோர்க்கு வெட்டித் தர நாம் காத்திருக்கிறோம்.