‘ஏகமனதாக’ என்ற சொல்லுக்குள் யார் இல்லை?

(தேன்கனிக்கோட்டையில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



காட்டைப் பாதுகாப்பது பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் சாதியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நம் பகுதியில் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைப் பேச முடியாது.

ஒசூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு சிப்காட், அசோக் லேலண்ட், டிவிஎஸ். அதே ஒசூருக்குத் தெற்கே தளி, ஜவளகிரி, அஞ்செட்டி என்று காடு விரிகிறது. அதில் 504 சதுர கிலோமீட்டர் 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் ஆனது. 2022இல் காவிரி தெற்கு சரணாலயமும் வந்தது. அது 686 சதுர கிலோமீட்டர். இந்தக் காட்டின் விறகையும் புளியையும் புல்லையும் நம்பி வாழ்பவர்கள் பெரும்பாலும் இருளர்களும் நிலமற்ற தலித்துகளும்தான்.

மக்களையும் சேர்த்துக்கொண்டு காட்டை நிர்வகிக்க வேண்டும் என்று 1990 ஜூன் 1 அன்று ஒன்றிய அரசு சுற்றறிக்கை வெளியிட்டது. தமிழ்நாட்டில் 1997 முதல் ஜப்பான் கடனுதவியுடன் காடு வளர்ப்புத் திட்டம் நடந்தது. ஊர்தோறும் கிராம வனக்குழுக்கள் அமைக்கப்பட்டன. கூடிப் பேசி, ஒத்த கருத்துக்கு வந்து, காட்டைக் காப்பது என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம்தான்.

ஆய்வுக்காக நான் பார்த்த ஒரு குழுவின் மினிட் புத்தகத்தில் ஒவ்வொரு தீர்மானமும் ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்றே முடிகிறது. அதில் ஒன்று, நடவு செய்த பகுதியில் மூன்று ஆண்டுகளுக்கு ஆடு மேய்க்கத் தடை. அந்த ஊரில் ஆடு வைத்திருப்பவர்கள் காலனிக்காரர்கள். நிலம் வைத்திருப்பவர்களிடம் மாடு இருக்கிறது, சொந்த வயலில் தீவனமும் இருக்கிறது. கைநாட்டு வைத்திருந்த ஒரு அக்காவிடம் கேட்டேன். “பெரியவங்க உக்காந்திருக்கிற எடத்துல நாம என்ன பேசறது தம்பி? வெரல் வைக்கச் சொன்னாங்க, வெச்சேன்” என்றார். கூட்டம் நடந்த இடம் ஊர்க்கோயில் வாசல். அவர் கூலிக்குப் போவது அதே பெரியவர்களின் வயலுக்கு.

இதை ஒருமித்த முடிவு என்று சொல்ல முடியுமா? காட்டுக்காவது இதனால் நன்மை உண்டா? அதுவும் இல்லை. மனதார ஏற்காத விதியை யாரும் காக்கமாட்டார்கள். பகலில் நிற்கும் ஆடு இரவில் உள்ளே போகும். பிறகு, ‘இந்த மக்கள்தான் காட்டை அழிக்கிறார்கள்’ என்று பழி வரும்.

அதிகாரி முன்னால் பேசத் தயங்குவதற்கும் வரலாறு இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தி மலைவாழ் மக்கள் மீது வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறையினர் நடத்திய வன்கொடுமையை மறக்க முடியுமா? அன்று கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2011இல் 215 பேர் தண்டிக்கப்பட்டனர். 2023இல்தான் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

எதிர்வாதமாக மகாராஷ்டிரத்தின் மெந்தா லேகாவைக் காட்டுவார்கள். 2009இல் சமூக வன உரிமைப் பட்டா பெற்ற ஊர். 2011இல் தன் மூங்கிலைத் தானே விற்கும் அதிகாரத்தைப் பெற்றது. அங்கே எல்லாரும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு. உண்மைதான், நாம் கற்க வேண்டிய ஊர்தான். ஆனால் அது கோண்டு பழங்குடி மக்களின் ஊர். ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடக்கும் நம் இடத்துக்கு அந்த முறையை அப்படியே தூக்கி வந்தால், ஆதிக்கச் சாதியின் விருப்பம் எல்லாருடைய விருப்பமாக எழுதப்படும்.

வாக்கெடுப்பு நடத்தினால் போதுமா? அதற்கும் 1945லேயே அம்பேத்கர் பதில் சொல்லிவிட்டார். அரசியல் பெரும்பான்மை கருத்தால் உருவாகிறது, மாறக்கூடியது. சமூகப் பெரும்பான்மை பிறப்பால் அமைகிறது. காலனியில் முப்பது வீடு, ஊரில் முந்நூறு வீடு என்றால் எத்தனை முறை கை தூக்கினாலும் முடிவு ஒன்றுதான்.

வழி இல்லாமல் இல்லை. 2006 வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் உள்ள உரிமையைக் கிராமசபையிடம் கொடுக்கிறது. அந்தச் சபையைக் குக்கிராம அளவிலேயே கூட்ட வேண்டும் என்பது நம் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அதைத் தலையெண்ணிப் பார்க்க வேண்டும். கோயில் வாசலில் அல்ல, எல்லாரும் சமமாக உட்காரும் பொது இடத்தில் கூட வேண்டும். நம் பிள்ளைகள் ஒசூரிலும் பொம்மசந்திராவிலும் ஷிப்டில் இருக்கிறார்கள்; அவர்களும் வரும் நேரத்தில் கூட வேண்டும். ஒரு முடிவால் யாருடைய அடுப்பு அணையுமோ அவர்கள் முதலில் பேச வேண்டும். அவர்களின் மறுப்பு மினிட் புத்தகத்தில் ஏற வேண்டும். மேய்ச்சலை நிறுத்தினால் மாற்றுத் தீவனம் எங்கே என்பதும் அதே தீர்மானத்தில் இருக்க வேண்டும்.

இச்சட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு. பழங்குடியல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். பத்திரமே இல்லாமல் வைக்கப்பட்ட தலித் குடும்பம் எந்தக் காகிதத்தைக் காட்டும்? மூத்தவர்களின் வாய்மொழிச் சாட்சியமும் ஆதாரம்தான் என்று விதியிலேயே இருக்கிறது. அதை எழுதி வாங்குவது படித்த நம் வேலை. இருளரும் தலித்தும் இந்த வேலையில் தனித்தனியாக நின்றால் இருவருமே தோற்போம்.

பயமில்லாமல் ‘முடியாது’ என்று சொல்லக்கூடிய இடத்தில்தான் ‘சரி’ என்ற சொல்லுக்கு மதிப்பு. அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தை நம் ஒவ்வொரு காலனியிலும் நடத்திக் காட்டுவோம்.

ஜெய்பீம்.