தறிக்காரர் கண்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளருக்குக் கண்தான் முதல். முந்தியின் நிறம் மாறும் இடத்தில், பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை ஒவ்வோர் இழையாகக் கையால் முறுக்கிப் பிணைப்பார்கள். ‘பிட்னி’ என்பது இதுதான். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வந்துவிடும்; இழை தெரியாது. சாதாரணக் கண்ணாடி ஒன்று போதும். அது கிடைக்காமல் ஒருவர் தறியை விட்டு இறங்குவது கொடுமை.

இந்தக் கொடுமையைத் தடுக்க உதவுபவைதான் கண் முகாம்கள். 1925-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில், பார்வையற்றோருக்கு உதவுங்கள் என்று லயன்ஸ் தொண்டுச் சங்கத்தாரிடம் பார்வையற்ற எழுத்தாளர் ஹெலன் கெல்லர் கேட்டுக்கொண்டார். அன்று அவர்கள் ஏற்ற பொறுப்பின் தொடர்ச்சிதான், இன்று நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஞாயிற்றுக்கிழமை லயன்ஸ் சங்கங்கள் நடத்தும் இலவசக் கண் சிகிச்சை முகாம். வரிசையை ஒழுங்குபடுத்துவதும், பெரியவர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போவதும் சம்பளமில்லாத தொண்டர்கள்தான். அடுத்த முறை முகாம் நோட்டீஸைப் பார்த்தால், பக்கத்து வீட்டுத் தறிக்காரரையும் கையோடு கூட்டிப் போங்கள்.